முன்சக்கரம் பிடிக்க, பின்சக்கரம் சுழல: 1973 கொர்வெட்டில் லைன் லாக், ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டியும் புகாரும்

1973ஆம் ஆண்டு ஷெவர்லே கொர்வெட். ஆர்வலர்கள் சி3 என்று சொல்லும் மூன்றாம் தலைமுறை. 350 கன அங்குல எல்48 எஞ்சின், நான்கு கியர் மேனுவல், பவர் பிரேக். செயின்ட் லூயிஸ் ஆலையில் செய்யப்பட்ட வண்டி, இப்போது ஓஹயோவில் ஒரு நண்பரிடம் இருக்கிறது. குளிர்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுகிற ஊர் என்பதால் பனி தொடங்கிவிட்டால் அதை வெளியே எடுக்க மாட்டார். கோடையில் வார இறுதிகளில் டிராக் ஸ்ட்ரிப்புக்கு, அதாவது நேர்கோட்டுப் பந்தயத் தடத்துக்கு, கொண்டுபோய்க் கால் மைல் ஓட்டுவார்.

பந்தயத்துக்கு முன் பின்டயரைச் சுழற்றிச் சூடாக்கத் தோதாக இருக்கட்டும் என்று, முன்பிரேக்கை மட்டும் பிடித்துவைக்கும் ஒரு லைன் லாக் வாங்கி, ஒரு பட்டறையில் கொடுத்து மாட்டியிருந்தார். அதைப் பயன்படுத்த ஆரம்பித்ததிலிருந்து டேஷ்போர்டில் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இந்தக் காரில் ஹேண்ட் பிரேக்குக்கும் ஹைட்ராலிக் கோளாறுக்கும் அந்த ஒரே விளக்குதான். ஹேண்ட் பிரேக் சுவிட்சில்தான் கோளாறு என்று யாரோ சொல்ல, அதன் வயரைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். விளக்கு அணையவில்லை. கடைசியில் பல்பையே எடுத்துவிட்டார்கள். சீசன் பாதி போனபோது பெடல் முன்பைவிட ஆழமாக இறங்கத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் வண்டி என் கைக்கு வந்தது.

இந்த வேலையில் நான் கண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லைன் லாக்கை எந்தக் கம்பெனியிடம் வாங்கினோம் என்பது பெரிய விஷயமில்லை. பிரேக் குழாயின் எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதுதான் விஷயம். இந்த வண்டியில் வால்வு நல்ல வால்வு, வயரிங்கும் ஏறக்குறைய சரி. வைத்த இடம்தான் தப்பு. அந்த ஒரு தப்பு ஐம்பது வருடப் பழைய பிரேக்கின் இன்னொரு பாகத்தைக் கெடுத்து, கெட்டதைச் சொல்ல வந்த விளக்கையும் பொய்க்காரனாக்கிவிட்டது.

லைன் லாக் என்ன செய்கிறது

முன்பிரேக்குக்குப் போகும் குழாயில் வைக்கிற ஒரு மின்சார வால்வு அது. உள்ளே ஒரு சொலினாய்டு, அதாவது மின்காந்தச் சுருள். கரண்ட் இல்லாதபோது வழி திறந்தே இருக்கும். பிரேக் ஆயில் வழக்கம்போலப் போய்வரும். பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினால் வழி அடைபடும். அப்புறம் பெடலிலிருந்து காலை எடுத்தாலும் முன்சக்கர அழுத்தம் உள்ளேயே சிறைப்பட்டு நிற்கும். பின்சக்கரங்களுக்குப் போன அழுத்தம் இறங்கிவிடும். பட்டனை விட்டால் எல்லாம் பழையபடி.

மேனுவல் கியர் வண்டியில் இதன் அருமை அதிகம். மூன்று பெடலுக்கு இரண்டு கால். கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கிறபோது பிரேக்கைப் பிடிக்க மூன்றாவது கால் கிடையாது. ஹேண்ட் பிரேக்கைப் போடலாமே என்றால், அது பின்சக்கரத்தைப் பிடிக்கும். சுழல வேண்டியதே அதுதான்.

டிராக் ரேசில் ஓட்டத்துக்கு முன் பின்டயரைச் சுழற்றுவது வேடிக்கைக்காக மட்டுமல்ல. டயரின் மேல்தோல் சூடாகி இளகும், ஒட்டிய மண்ணும் கல்லும் உதிரும், ஸ்டார்ட்டில் பிடி கூடும். ஒரு காலத்தில் அதற்காகத் தரையில் ப்ளீச் ஊற்றினார்கள். இப்போது தண்ணீர்தான், ஆனாலும் அந்த இடத்தை இன்னும் ப்ளீச் பாக்ஸ் என்று அழைப்பவர்கள் உண்டு. கியர் லீவருக்குப் பேர்போன ஹர்ஸ்ட் கம்பெனி இந்த வால்வை ரோல் கன்ட்ரோல் என்ற பெயரில் விற்றது. ஃபோர்டு 2015 மஸ்டாங் ஜிடியில் இதே வேலையை எலக்ட்ரானிக்ஸ் மூலம் தொழிற்சாலையிலேயே கொடுத்தது. ஆனால் 1973 வண்டியில் ஏபிஎஸ் பம்ப்பும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. குழாயை வெட்டித்தான் ஆக வேண்டும்.

சாதாரண ரோடு டயரில் பெரிதாகப் புகை கிளப்பிச் சுழற்றுவதால் நேரம் குறையாது என்பது என் கருத்து. அந்த ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதிகம் சூடானால் வழுக்கத்தான் செய்யும். நண்பர் இந்தப் பந்தயத்துக்கென்றே செய்த டிராக் ரேடியல் டயர் போட்டிருந்தார், அதனால் இந்தச் செலவுக்கு நியாயம் இருந்தது.

எவ்வளவு அழுத்தம் போதும்

கொர்வெட்டுக்கு 1965இலிருந்தே நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். கொர்வெட் பொறியாளர் ஜோரா ஆர்கஸ்-டன்டோவ் தலைமையில் செய்த வடிவமைப்பு. 1982 வரை அடிப்படை மாறவில்லை. டிஸ்க்கை இரு பக்கமும் பேடால் நெரிக்கும் காலிப்பர் ஒவ்வொன்றிலும் நான்கு பிஸ்டன். முன்னால் 1 7/8 அங்குலம், பின்னால் 1 3/8 அங்குலம் விட்டம். டிஸ்க் 11.75 அங்குல விட்டம், 1.25 அங்குலத் தடிமன், நடுவே காற்றோட்டம்.

இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். முன் பிஸ்டன் ஒன்றின் பரப்பு ஏறக்குறைய 17.8 சதுர சென்டிமீட்டர். ஒரு பக்கத்துக்கு இரண்டு பிஸ்டன். 35 பார் அழுத்தத்தில் ஒரு பக்கத்து பேடை அழுத்தும் விசை சுமார் 12,500 நியூட்டன். உராய்வுக் கெழு 0.4, பேடின் நடு ஆரம் 12.5 சென்டிமீட்டர் என்று வைத்தால், இரு பக்கமும் சேர்த்து ஒரு சக்கரத்தில் கிட்டத்தட்ட 1,250 நியூட்டன் மீட்டர் பிடிப்பு. டயரின் ஆரம் சுமார் 33 சென்டிமீட்டர். ஆக, இரண்டு முன்சக்கரமும் சேர்ந்து தரையில் 7,500 நியூட்டன் அளவுக்குத் தாங்கும். வண்டியின் எடை சுமார் 1,600 கிலோ, அதில் பாதி முன்னால். காய்ந்த தரையில் முன்டயர்களின் மொத்தப் பிடியே ஏறக்குறைய 7,000 நியூட்டன்தான்.

அதாவது 35 பாருக்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் லாபமில்லை. பிரேக் தோற்பதற்கு முன்பே முன்டயர் வழுக்கி, பூட்டிய சக்கரத்தோடு வண்டி முன்னால் நகரும். பலர் பெடலை முழுப் பலத்தோடு மிதித்து லாக்கைப் போடுகிறார்கள். வால்வும் பழைய சீல்களும் காரணமில்லாமல் அவதிப்படுகின்றன.

மறுபக்கம் எஞ்சின். 1973 எல்48க்கு 190 குதிரைத்திறன், 270 பவுண்டு அடி டார்க், அதாவது சுமார் 366 நியூட்டன் மீட்டர். இரண்டாம் கியர் 1.88, பின் ஆக்சில் 3.36 என்றால் பின்டயரில் ஏறக்குறைய 7,000 நியூட்டன் தள்ளுவிசை. காய்ந்த தரையில் முன்பிடியும் பின்தள்ளும் சமம். பின்டயரைத் தண்ணீரில் நிறுத்தினால்தான் தராசு நமக்குச் சாதகமாகச் சாயும். முன்டயர் ஈரத்தைத் தாண்டிக் காய்ந்த இடத்தில் நிற்க வேண்டும், பின்டயர் ஈரத்தில் நிற்க வேண்டும் என்று ஸ்ட்ரிப்பில் சொல்வது இதனால்தான்.

திறந்து பார்த்தபோது

பெடலின் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு அறை. அமெரிக்காவில் 1968 ஜனவரி முதல் கார்களுக்கு இரட்டைச் சுற்று பிரேக் கட்டாயமானது. கொர்வெட்டில் அது 1967 மாடலிலேயே வந்துவிட்டது. முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று. முன்சுற்று அறையில் ஆயில் மட்டம் குறைந்திருந்தது, பின்சுற்றில் சரியாக இருந்தது. எங்கேயோ முன்சுற்றில் கசிவு.

எந்த அறை எந்தச் சக்கரத்துக்கு என்பதை மூடியின் அளவைப் பார்த்தோ யாரோ சொன்னதைக் கேட்டோ முடிவு செய்யக் கூடாது. குழாயைக் கையால் தடவிக்கொண்டே சக்கரம் வரை போக வேண்டும். லைன் லாக்கைத் தவறிப்போய்ப் பின்சுற்றில் வைத்தவர்கள் உண்டு. பட்டனை அழுத்தினால் சுழல வேண்டிய சக்கரமே பூட்டிக்கொள்ளும்.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து இறங்கும் இரண்டு குழாயும் சேஸி சட்டத்தில் இருக்கும் ஒரு பித்தளை பிளாக்குக்கு வருகின்றன. அதிலிருந்துதான் இடது முன், வலது முன், பின் என்று பிரிகின்றன. அந்த பிளாக்குக்குள் ஒரு சிறு பிஸ்டன் முன்சுற்றுக்கும் பின்சுற்றுக்கும் நடுவே நிற்கிறது. இரண்டு பக்க அழுத்தமும் சமமாக இருக்கும்வரை நடுவில். ஒரு பக்கத்தில் குழாய் வெடித்து அழுத்தம் விழுந்தால் பிஸ்டன் அந்தப் பக்கம் தள்ளப்பட்டு, மேலே இருக்கும் சுவிட்சின் ஊசியைத் தொட்டு எச்சரிக்கை விளக்கை எரியவைக்கும். பாதி பிரேக் போய்விட்டது என்று ஓட்டுபவருக்குச் சொல்ல அந்த வண்டியில் இருக்கும் ஒரே வாய் அது.

பட்டறைக்காரர் லைன் லாக்கை வைத்திருந்தது மாஸ்டர் சிலிண்டருக்கும் இந்த பிளாக்குக்கும் நடுவே. பெரும்பாலானவர்கள் இங்கேதான் வைக்கிறார்கள். காரணம் புரிகிறது. ஒற்றைக் குழாய், கைக்கு எட்டும் இடம், ஒரே ஒரு வெட்டு. ஆனால் லாக் போட்டுப் பெடலை விடும்போது என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பிளாக்கின் முன்பக்கத்தில் சிறைப்பட்ட அழுத்தம் அப்படியே நிற்கிறது. பின்பக்கத்தில் பூஜ்யம். பிளாக்கைப் பொறுத்தவரை இது பின்சுற்று வெடித்த நிலைமைதான். பிஸ்டன் பின்பக்கம் பாய்கிறது, விளக்கு எரிகிறது. பிளாக் தன் கடமையைத்தான் செய்தது.

சில வண்டிகளில் ஸ்பிரிங் உதவியால் பிஸ்டன் தானே நடுவுக்குத் திரும்பும். இந்த வண்டியில் திரும்பவில்லை. விளக்கு நிரந்தரமாக எரிந்ததற்கு அதுதான் காரணம்; ஹேண்ட் பிரேக்குக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது மட்டுமா? அந்தப் பிஸ்டன் பல பத்தாண்டுகளாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதன் இரு பக்கமும் துளைச் சுவரில் அழுக்கும் அரிப்பும் படிந்திருந்தன. ஒவ்வொரு முறை லாக் போட்டபோதும் அதன் ரப்பர் வளையங்கள் அந்தச் சொரசொரப்பின்மேல் இழுபட்டிருக்கின்றன. சுவிட்சின் பிளாஸ்டிக் கனெக்டரைக் கழற்றினேன். உள்ளே ஆயில் ஈரம். பிளாக்குக்குக் கீழே சட்டத்தின் பெயின்ட் உப்பி உரிந்திருந்தது. பெடல் ஆழம் போனதற்கு விடை அங்கே இருந்தது.

புலி வருது கதைதான். விளக்கு சும்மா எரிகிறது என்று பழகிப்போய் பல்பைக் கழற்றினார்கள். உண்மையிலேயே ஆயில் கசிந்தபோது சொல்ல ஆளில்லை.

இன்னொரு சந்தேகமும் இருந்ததால் முன் காலிப்பரில் காற்றை வெளியேற்றும் திருகான பிளீடர் இருக்குமிடத்தில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தேன். பிளாக்கின் கசிவைத் தவிர வலது முன் காலிப்பரின் டஸ்ட் பூட்டுக்குள்ளும் ஈரம் தெரிந்தது. கொர்வெட் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய நோய். வார்ப்பிரும்புக் காலிப்பரின் துளை துருப்பிடித்தால் லிப் சீல் அதில் தேய்ந்து கசியும். அதோடு டிஸ்க் கோணலாக ஓடினால், அதாவது ஆட்டம் 0.005 அங்குலத்துக்கு மேல் போனால், பிஸ்டன் உள்ளும் வெளியும் ஆடி, சீலைத் தாண்டிக் காற்றை உறிஞ்சும். ஆயில் கசியாமலே பெடல் பஞ்சுபோல ஆகிவிடும். டிஸ்க்கை ஹப்போடு ரிவெட் அடித்துச் சேர்த்தே கடைந்து கொடுத்தார்கள். பின்னாளில் யாராவது ரிவெட்டை உடைத்து வேறு டிஸ்க் மாட்டியிருந்தால் ஆட்டத்தை டயல் கேஜ் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். இப்படிப்பட்ட காலிப்பரின் தலையில் லைன் லாக்கை வைத்தால், அழுத்தம் நிற்காததற்கு வால்வைத் திட்டிக்கொண்டிருப்போம்.

இடம் மாற்றம்

தீர்வு காகிதத்தில் எளிது. பிளாக் முதலில், லாக் அடுத்து. அப்போது பெடலை விட்டதும் பிளாக்கின் இரண்டு பக்கமும் சேர்ந்தே பூஜ்யத்துக்கு இறங்கும். சிறைப்பட்ட அழுத்தம் லாக்குக்கும் காலிப்பருக்கும் நடுவே மட்டும் நிற்கும். பிளாக்குக்கு நடப்பது எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால் பிளாக்கிலிருந்து முன்சக்கரத்துக்கு இரண்டு வாய். இரண்டு லாக் வைப்பது மடத்தனம். ஒரு பக்கம் திறந்து ஒரு பக்கம் அடைபட்டால் வண்டி திருகிக்கொள்ளும். அதனால் புதுப் பித்தளை பிளாக் மாட்டி, முன்சுற்றின் ஒரு வாயை அடைப்பு நட்டால் மூடினேன். மற்ற வாயிலிருந்து குழாய் லாக்குக்கு. லாக்கிலிருந்து ஒரு டீ, அதாவது T வடிவ இணைப்பு. டீயிலிருந்து இடது, வலது. பழைய ஏற்பாட்டைவிடச் சில இணைப்புகள் கூடுதல்தான். அந்த விலையைக் கொடுக்கலாம் என்பதே என் முடிவு, ஏனென்றால் எச்சரிக்கை விளக்கு மறுபடி உண்மை பேசும்.

நட்டுகளின் மரை தனிப் பாடு. அமெரிக்க வண்டிகளில் 3/16 அங்குலக் குழாய்க்கு 3/8-24 நட்டும் (முதல் எண் அங்குல விட்டம், அடுத்தது ஒரு அங்குலத்துக்கு எத்தனை மரை), 1/4 அங்குலக் குழாய்க்கு 7/16-24 நட்டும் வழக்கம். ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் மாஸ்டர் சிலிண்டரிலும் பிளாக்கிலும் 1/2-20, 9/16-18 என்று பெரிய நட்டுகளையும் பயன்படுத்தியது. முன்குழாயைப் பின்வாயில் மாட்டிவிடாமல் இருக்க அது உதவும். லைன் லாக்குகளில் பெரும்பாலும் 1/8 அங்குல என்பிடி மரை, கூம்பு வடிவம். குழாயின் விரித்த முனையை (ஃபிளேர்) இறுக்கும் ஃபிளேர் நட் அதில் நேரடியாக உட்காரவே உட்காராது, நடுவே அடாப்டர் வேண்டும். முந்தைய வேலையில் அந்த அடாப்டரில் டெஃப்லான் டேப் சுற்றியிருந்தார்கள். கழற்றியபோது வால்வின் வாயருகே நூல்நூலாகக் கிடந்தது. சிறு பிசிறு ஒன்று வால்வு உட்காரும் இடத்தில் மாட்டினால் லாக் முழுதாக அடைக்காது, அல்லது முழுதாகத் திறக்காது. பிரேக் ஆயிலைத் தாங்கும் திரவ சீலன்ட்டை, முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு, கூம்பு மரையில் மட்டும் தடவினேன். ஃபிளேர் இணைப்பில் எதையும் தடவ வேண்டியதில்லை. அங்கே உலோகம் உலோகத்தோடு அழுந்துவதுதான் சீல். அலுமினிய உடம்பு கொண்ட வால்வில் கூம்பு மரையை வெறியோடு இறுக்கினால் உடம்பு வெடித்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

குழாய்க்கு நிக்கல் கலந்த செம்பு எடுத்தேன். வளைப்பது எளிது, உப்பு ஊரில் துருவும் பிடிக்காது. வெறும் செம்புக் குழாய் பிரேக்குக்கு ஆகாது. முனைகளில் 45 டிகிரி இரட்டை ஃபிளேர். ஒற்றை ஃபிளேரும், பிளம்பர் வேலையில் வளையம் போட்டு இறுக்கும் கம்ப்ரெஷன் இணைப்பும் பிரேக் குழாயில் வரவே கூடாது.

1973 மாடலுக்கென்று ஒரு சங்கதி. அந்த வருடம்தான் பாடிக்கும் சேஸிக்கும் நடுவே ரப்பர் மவுண்ட்கள் வந்தன. மாஸ்டர் சிலிண்டர் பாடியோடு ஆடும், பிளாக் சட்டத்தோடு நிற்கும். லாக்கை எஞ்சின் அறைக்கும் உட்புறத்துக்கும் நடுவே உள்ள சுவரான ஃபயர்வாலில் மாட்டிச் சட்டத்துக்கு நேராகக் குழாய் இழுத்தால், எஞ்சினை முறுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழாய் வளைந்து நிமிரும். ஒரு நாள் ஃபிளேர் கழுத்தில் விரிசல் விடும். ஆகவே லாக், டீ, பிளாக் மூன்றையும் சட்டத்திலேயே ஒரு தகட்டு பிராக்கெட்டில் உட்கார வைத்தேன், எக்ஸாஸ்டிலிருந்து முடிந்தவரை தள்ளி. மாஸ்டரிலிருந்து இறங்கும் குழாயில் தொழிற்சாலை கொடுத்த சுருளை அப்படியே விட்டேன். எந்த வால்வையும் குழாயில் தொங்கவிடக் கூடாது.

மின்சாரம்

கொர்வெட்டின் உடம்பு ஃபைபர்கிளாஸ். மற்ற கார்களில் செய்வதுபோல ஒரு ஸ்க்ரூவைப் பாடியில் முடுக்கி எர்த் எடுக்க முடியாது. முந்தைய வேலையில் எர்த் வயரை ஃபயர்வாலில் இருந்த உலோகத் தகடு ஒன்றில் இணைத்திருந்தார்கள். அது தற்செயலாகத்தான் சேஸியைத் தொட்டுக்கொண்டிருந்தது. சில நேரம் லாக் பிடிக்கும், சில நேரம் பிடிக்காது என்று நண்பர் சொன்னதற்கு அதுவே காரணம். சட்டத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, கண்வளையம் வைத்து, போல்ட் போட்டு எர்த் கொடுத்தேன்.

அடுத்ததை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. லைன் லாக்கின் பெரிய ஆபத்து அது பிடிக்காமல் போவது அல்ல. ஓடும் வண்டியில், பிரேக்கை மிதிக்காதபோது பட்டன் ஷார்ட் ஆகி வால்வு அடைபட்டால், அடுத்து பெடலை மிதிக்கும்போது முன்பிரேக்குக்கு ஆயில் போகாமல் போகலாம். ஒரு காரின் நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. அதனால் ஒரு பட்டனை மட்டும் நம்பக் கூடாது. இக்னிஷனிலிருந்து ஃபியூஸ் வழியாக முதலில் மேல்மூடி கொண்ட ஒரு டாகிள் சுவிட்ச். அது போட்டிருந்தால் டேஷில் ஒரு மஞ்சள் விளக்கு. அதற்கு அப்புறம்தான் கியர் லீவர் பக்கத்தில் பட்டன், விரலை எடுத்தால் தானே விடும் வகை. அழுத்தினால் அப்படியே நிற்கும் சுவிட்சை இதில் போடுகிறவர்களோடு எனக்குச் சமாதானமே கிடையாது. ரோட்டில் ஓட்டும்போது டாகிள் மூடி சாத்தியே இருக்கும்.

ஸ்ட்ரிப்புக்கு வெளியே இதை ஏற்றத்தில் வண்டியை நிறுத்தவோ, ஹேண்ட் பிரேக்குக்குப் பதிலாகவோ பயன்படுத்துவது தவறு. வால்வின் மின்சுருள் கரண்ட்டை இழுத்துக்கொண்டே சூடாகும். பேட்டரி இறங்கினாலோ ஃபியூஸ் போனாலோ வண்டி தானாக உருளும். கொர்வெட்டின் ஹேண்ட் பிரேக் பின் டிஸ்க்குக்குள் இருக்கும் சிறு டிரம்மில் பிடிப்பது, பலவீனமானதுதான், ஒத்துக்கொள்கிறேன். அதைச் சரி செய்வதுதான் வழி.

காற்று எடுத்தல், சோதனை

முன் காலிப்பர் இரண்டையும் துளைக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டவையாக மாற்றினோம். பிரேக் ஆயில் டாட் 4 தரம். சிலிகான் வகையான டாட் 5 பெயின்ட்டைத் தின்னாது என்பதால் கொர்வெட் வட்டாரத்தில் அதற்கு ரசிகர்கள் உண்டு. ஆனால் அதில் நுண்குமிழி தங்கிவிடும், காற்று எடுப்பது சிரமம். அடிக்கடி அழுத்தம் பிடிக்கப்போகும் சுற்றில் நான் அதைப் போட மாட்டேன். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் உறிஞ்சியபின் 155. பெயின்ட்டைக் காப்பாற்ற ஃபெண்டரில் துணியும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துக்கொண்டால் போதும்.

லாக்கில் கரண்ட் இல்லாமல், வழி திறந்த நிலையில்தான் பிளீடிங். பின் காலிப்பர்களில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு பிளீடர் உண்டு. வெளியே இருப்பதற்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். இது தெரியாமல் பாதிக் காற்றை உள்ளேயே விட்டுவிடுகிறவர்கள் பலர். முன்பக்கம் முடிக்கும்போது லாக்கைச் சில முறை போட்டு எடுத்தேன். வால்வின் மூலையில் ஒளிந்திருந்த குமிழிகள் அதற்குப் பிறகுதான் வந்தன.

புது பிளாக்கின் பிஸ்டன் பிளீடிங்கின்போது ஒரு பக்கம் போய்விட்டதால் விளக்கு எரிந்தது. இதற்குப் பயப்பட வேண்டாம். முன் அழுத்தம் தள்ளியிருந்தால் பிஸ்டன் பின்பக்கம் நிற்கும். முன் பிளீடர் ஒன்றைத் திறந்து பெடலை மெதுவாக அழுத்தினால் பின்பக்க அழுத்தம் அதை நடுவுக்குத் தள்ளும். விளக்கு அணைந்ததும் பெடலை அங்கேயே பிடித்துக்கொண்டு பிளீடரை மூட வேண்டும். பின்பக்க அழுத்தம் தள்ளியிருந்தால் பின் பிளீடரில் இதையே செய்யலாம்.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, கேஜ் மாட்டி, 35 பார் அளவுக்கு மிதித்து லாக் போட்டோம். முள் நின்ற இடத்தில் நின்றது. நண்பர் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினார், தாராளமாகச் சுழன்றது. முன்சக்கரம் அசையவில்லை. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. பல்பு அதன் இடத்துக்குத் திரும்பி வந்திருந்தது. பட்டனை விட்டதும் முன்சக்கரம் உடனே விடுபடுகிறதா என்பதுதான் முக்கியமான சோதனை. தயங்கித் தயங்கி விட்டால் வால்வு திரும்பவில்லை, அல்லது குழாய் எங்கேயோ நசுங்கியிருக்கிறது. இங்கே உடனே விட்டது. அப்புறம் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, எந்தக் கரண்ட்டும் இல்லாமல் வண்டியை மெதுவாக ஓட்டி பிரேக் பார்த்தோம். லைன் லாக்கே இல்லாத வண்டிபோல நின்றது.

ஸ்ட்ரிப்பில்

முன்டயர் காய்ந்த தரை, பின்டயர் ஈரம். பெடல் மிதி, பட்டன், பெடலை விடு. கிளட்ச், இரண்டாம் கியர், எஞ்சினை ஏற்று, கிளட்சை விடு. பின்சக்கரம் சுழன்று வெள்ளைப் புகை வந்ததும் பட்டனை விட்டு, மெல்ல முன்னால் உருள வேண்டும். அதற்குமேல் நீட்டுவதில் பயனில்லை. நண்பர் செய்தபோது முன்சக்கரம் நகரவில்லை, விளக்கு எரியவில்லை, ஓட்டம் முடிந்து திரும்பும்போது பெடல் முதலில் இருந்த உயரத்திலேயே இருந்தது.

ஒரு கவலை பாக்கி இருக்கிறது. சி3யின் பின்பக்கத்தில் ஆக்சில் தண்டுகளே சஸ்பென்ஷனின் மேல்கையாகவும் வேலை செய்கின்றன. ஸ்ப்ரிங், பல பட்டைகளை அடுக்கிக் குறுக்கே படுக்கவைத்த ஒரே லீஃப் ஸ்ப்ரிங். டயர் ஈரத்திலிருந்து காய்ந்த தரைக்கு வந்து திடீரென்று பிடிக்கும்போது பின்பக்கம் துள்ள ஆரம்பித்தால், அந்த அடி முழுவதும் தண்டுகளின் யுனிவர்சல் ஜாயின்ட்டிலும் டிஃபரன்ஷியலிலும் இறங்கும். லைன் லாக் முன்பக்கத்தை அசையவிடாமல் பிடித்திருக்கும்போது அந்த அதிர்ச்சிக்குத் தப்பிப்போக வேறு வழியில்லை. துள்ளல் தெரிந்த அந்தக் கணமே பட்டனையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். இடதுபக்க ஜாயின்ட் ஒன்றில் இப்போதே லேசான ஆட்டம் தெரிகிறது. வரும் குளிர்காலத்தில் தண்டுகள் இரண்டையும் இறக்கி, கிரீஸ் துளை இல்லாத திடமான ஜாயின்ட்களாக மாற்றப்போகிறோம். தண்டுகள் இறங்கியிருக்கும்போதே பின் டிஸ்க்குகளின் ஆட்டத்தையும் டயல் வைத்துப் பார்த்துவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.